நன்செய் மனையாவதை ஊர்மக்கள் எப்படிக் கட்டுப்படுத்தலாம்?

கேட்டிருப்பது இது: நகரத்திலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தள்ளி, ஏரிப் பாசனத்தில் இருக்கும் ஓர் ஊராட்சி. புறவழிச்சாலை வந்ததும் நன்செய் வரிசையாக பிளாட் ஆகிக்கொண்டிருக்கிறது. ஊர்க்காரர்கள் இதை எவ்வளவு தூரம் தடுக்க முடியும், எங்கிருந்து தொடங்குவது? தமிழ்நாட்டுச் சட்டங்களை வைத்துப் பதில் சொல்கிறேன்.

ஒருவர் தன் பட்டா நிலத்தை விற்பதை ஊர் தடுக்க முடியாது. ஆனால் அந்த நிலம் மனையாக மாறுவதற்குள் பல அலுவலகங்களின் கையெழுத்து விழ வேண்டும். கையெழுத்து விழுவதற்கு முன்பே, சர்வே எண் போட்டு, காரணம் எழுதி, ஆட்சேபம் போய்ச் சேர்ந்திருந்தால் நிறையவே மாற்றலாம். மனைக்கல்லுக்கு மஞ்சள் பெயின்ட் அடித்த பிறகு ஆட்சியர் அலுவலக வாசலில் உட்கார்ந்தால், அதுவரை மனை வாங்கிவிட்ட சின்னக் குடும்பங்களோடுதான் மோத வேண்டியிருக்கும்.

முதலில் ஒரு கணக்கு. பத்து ஏக்கர் என்பது 4,35,600 சதுர அடி. தெருக்களுக்கு 30 சதவீதம் என்று வைத்தால் 1,30,680 போய்விடும். மீதியில் 10 சதவீதம் திறந்தவெளி ஒதுக்கீடு, அதாவது ஓ.எஸ்.ஆர்., 30,492. விற்க மிஞ்சுவது 2,74,428 சதுர அடி. அரை கிரவுண்டு மனைகளாக, அதாவது 1,200 சதுர அடியாகப் பிரித்தால் 228 மனை. எல்லாத் தெருவும் 30 அடி என்றால் மொத்த நீளம் 4,356 அடி, ஏறக்குறைய 1.3 கிலோமீட்டர். இரண்டு பக்கமும் வடிகால் 2.6 கிலோமீட்டர். 30 மீட்டருக்கு ஒரு கம்பம் வைத்தால் 44 தெருவிளக்கு. இவ்வளவையும் தானப் பத்திரத்தில் வாங்கிக்கொண்டு காலமெல்லாம் பராமரிக்கப்போவது ஊராட்சி. மனைகளில் பெரும்பகுதி சேமிப்புக்காக வாங்கிப் போட்டவை. சீமைக்கருவேலம் முளைத்துக் கிடக்கும். 228-ல் இருபது வீடுதான் எழும்பியிருக்கிறது என்றால் ஒரு வீட்டுக்கு 66 மீட்டர் சாலையை ஊராட்சி தாங்குகிறது. காலி மனையிலிருந்து வீட்டுவரியும் வராது. "பிளாட் வந்தால் ஊர் வளரும்" என்று சொல்பவர்களிடம் இந்தக் கணக்கை உங்கள் ஊர் எண்களோடு வையுங்கள். கிராம சபையில் பாதிப் பேச்சு அதோடு திசை மாறும்.

அடுத்தது, பரவல் எந்த வழியாக நடக்கிறது என்பது. வெளியிலிருந்து பார்த்தால் விலைதான் காரணம் போலத் தெரியும். வயலில் நின்று பார்த்தால் தண்ணீர் தெரியும். மதகிலிருந்து வரும் கிளை வாய்க்கால் முதலில் தொடும் பத்து ஏக்கரை ஒருவர் வாங்குகிறார். சாலை மட்டத்துக்குச் சமமாக இரண்டு, மூன்று அடி கிராவல் கொட்டி மேடாக்குகிறார். வாய்க்கால் குறுக்கே வருகிறது. அதை "மூடவில்லை, பைப் போட்டிருக்கிறோம்" என்பார்கள். அந்தப் பைப்பை அளந்து பாருங்கள். மூன்றடி அகலம், ஒன்றரை அடி ஆழம் உள்ள வாய்க்காலின் குறுக்குவெட்டு 4.5 சதுர அடி. ஓரடி விட்டமுள்ள குழாயில் அது 0.79 சதுர அடிதான். ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு. முதல் மழையில் பிளாஸ்டிக் பையும் ஆகாயத்தாமரையும் போய் அடைத்துக்கொண்டால் அதுவும் இல்லை. கீழே இருக்கும் முப்பது ஏக்கர் இரண்டு போகம் தண்ணீர் காணாமல் கிடக்கும். மூன்றாவது ஆண்டு அந்த விவசாயிகளே தரகரைத் தேடிப் போவார்கள். முதல் பத்து ஏக்கர் விலைக்காகப் போனது. அடுத்த முப்பது ஏக்கர் தண்ணீர் இல்லாததால் போனது. ஆகவே உங்கள் வேலை வாய்க்காலில் தொடங்க வேண்டும்.

கிராம வரைபடம், நிலங்களின் வகைப்பாடு எழுதிய வருவாய்த் துறையின் அ-பதிவேடு, ஆயக்கட்டில் (ஏரித் தண்ணீர் பாயும் நிலப்பரப்பில்) உள்ள ஒவ்வொரு சர்வே எண்ணின் புலப்படம், அதாவது அளவு வரைபடம், இவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலானவை அரசின் நிலப்பதிவு இணையதளத்திலேயே கிடைக்கும். கிராம வரைபடத்தை நில அளவைத் துறையில் கேளுங்கள். மதகிலிருந்து கடைமடை வரை, வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் நீர்க்கட்டியோடு நடந்து வாருங்கள். ஏட்டில் இத்தனை கட்டம் போதும்: சர்வே எண், உட்பிரிவு, பதிவேட்டில் உள்ள வகைப்பாடு, பதிவேட்டில் உள்ள அகலம், இன்று தரையில் இருக்கும் அகலம், எத்தனை ஏக்கருக்குத் தண்ணீர் போகிறது, தேதி போட்ட படம். வண்டிப்பாதை, களம், மேய்க்கால் புறம்போக்கு, குட்டை எல்லாம் இதே ஏட்டில் வரட்டும்.

நடக்கும்போதே ஒன்று புரியும். வாய்க்காலில் இரண்டு வகை உண்டு. ஒன்று புறம்போக்காகவே பதிவானது. அதை யாரும் விற்க முடியாது. ஆக்கிரமித்தால் எடுக்கச் சட்டம் இருக்கிறது. ஏரி, குளம் என்றால் 2007-ஆம் ஆண்டின் ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றல் சட்டம். ஊர்ப் பொதுநிலத்துக்கு ஜக்பால் சிங் வழக்கில் 2011 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு. மற்றது பட்டா நிலத்துக்குள் வழக்கமாக ஓடும் வயல் வாய்க்கால், கண்ணி. பதிவேட்டில் அதற்குக் கோடே இருக்காது. காணாமல் போவது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகைதான். அதற்கும் பாதுகாப்பு இருக்கிறது: 1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு. இருபது ஆண்டுகள் தடங்கலின்றி, வெளிப்படையாக, உரிமையாகத் தண்ணீர் கொண்டுபோனதை நிரூபித்தால் அந்த உரிமை நிலைக்கும். காலக்கெடுதான் ஆளை வீழ்த்தும். வாய்க்காலை அடைத்து இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போட வேண்டும். அடைத்தது தெரிந்தும் ஓராண்டு பேசாமல் இருந்தால் தடங்கலை ஒப்புக்கொண்டதாகவே எடுத்துக்கொள்ளப்படும். "அறுப்பு முடியட்டும், பார்த்துக்கொள்ளலாம்" என்று இருந்துவிட்டு உரிமையை இழந்தவர்கள் ஏராளம். அடைத்த வாரமே பதிவுத் தபாலில் ஓர் ஆட்சேபக் கடிதம் அனுப்பி, ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

அடங்கலையும், அதாவது எந்த வயலில் என்ன பயிர் என்று கிராம நிர்வாக அலுவலர் எழுதும் கணக்கையும், கவனியுங்கள். நன்செய்யை வேறு உபயோகத்துக்கு மாற்றக் கேட்கும் மனுவில் "பல ஆண்டுகளாகத் தரிசு" என்று எழுதுவது வழக்கம். அதற்குச் சான்று அடங்கல்தான். நெல் விளைந்த வயலுக்கு அடங்கலில் தரிசு என்று விழுந்திருந்தால் அதே பசலிக்குள் (வருவாய் ஆண்டுக்குள்), அதாவது ஜூன் 30-க்குள், கிராம நிர்வாக அலுவலரிடம் எழுதிக் கொடுத்துத் திருத்தச் சொல்லுங்கள். கொள்முதல் நிலைய ரசீதும் பயிர்க் காப்பீட்டு ரசீதும் கூடவே இருக்கட்டும். நகர் ஊரமைப்புத் திட்டப் பகுதிக்கு வெளியே உள்ள கிராமங்களில் விவசாய நிலத்தை மாற்றுவதற்கு 2017-ல் தனி விதிகள் வந்தன. நன்செய் என்றால் மாவட்ட ஆட்சியர் வரை கோப்பு போகும், வேளாண்மை இணை இயக்குநரின் கருத்தும் கேட்கப்படும். இணை இயக்குநரின் மேசையில் உங்கள் ஏட்டின் நகல் முன்கூட்டியே இருக்க வேண்டும்.

இனி கிராம சபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். 500 பேர் வரை உள்ள ஊராட்சியில் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர் வராவிட்டால் குறைவெண் (கோரம்) சேராது. குறைவெண் இல்லாத கூட்டத்தின் தீர்மானத்தை எதிர்த்தரப்பு வழக்கறிஞர் ஒரே வரியில் தள்ளிவிடுவார். கையெழுத்துப் பதிவேட்டை அன்றைக்கே படம் எடுத்து வையுங்கள்.

"எங்கள் ஊரில் இனி பிளாட் போட அனுமதிக்கக் கூடாது" என்ற தீர்மானத்தால் பயன் இல்லை. சொத்துரிமைக்கு எதிராகப் பொதுத்தடை போட ஊராட்சிக்கு அதிகாரம் கிடையாது. தீர்மானம் இப்படி இருக்கட்டும்: "இணைப்பில் கண்ட சர்வே எண்களில் உள்ள வாய்க்கால்கள் இத்தனை ஏக்கர் ஆயக்கட்டுக்குத் தண்ணீர் தருகின்றன. இவற்றைத் தொடும் எந்த மனைப்பிரிவு விண்ணப்பத்திலும் வாய்க்காலின் பதிவு அகலம் குறையாமலும், அடிமட்டம் மாறாமலும், மேலே திறந்து தூர்வார வழி இருக்கும்படியும் நிபந்தனை விதிக்க வேண்டும். விண்ணப்பம் வந்ததும் அடுத்த கிராம சபையில் வைக்க வேண்டும்." ஏட்டை இணைப்பாக ஒட்டுங்கள். தீர்மான எண்ணோடு நகலை நகர் ஊரமைப்புத் துறையின் மாவட்ட அலுவலகம், நீர்வளத் துறைச் செயற்பொறியாளர், வட்டாட்சியர், சார்பதிவாளர் நால்வருக்கும் அனுப்புங்கள். இது தடை அல்ல என்பதால் யாரும் எளிதில் மறுக்க முடியாது. முழு வாய்க்காலையும் விட்டு, அதன் மேல் பாலம் கட்டித் தெரு போட வேண்டும் என்றால் மனைக்காரரின் லாபக் கணக்கே மாறும். சில இடங்களில் அவரே வேறு நிலம் பார்க்கப் போய்விடுவார்.

மனைப்பிரிவு அனுமதியில் தொழில்நுட்ப ஒப்புதல் நகர் ஊரமைப்புத் துறையிலிருந்து வரும். சாலையையும் பூங்கா இடத்தையும் தானப் பத்திரமாக எழுதி வாங்கிக்கொண்டு இறுதி அனுமதி தருவது உள்ளாட்சி. நடுவில் நீர்வளத் துறையின் தடையின்மைச் சான்று. அதில் "வாய்க்காலை மூடக் கூடாது, இத்தனை மீட்டர் விட வேண்டும்" என்று நிபந்தனை இருக்கும். தரையில் யாரும் போய்ப் பார்ப்பதில்லை. ஆகவே தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி மூன்றே நகல் கேளுங்கள்: அனுமதித்த வரைபடம், நீர்வளத் துறைச் சான்று, தானப் பத்திரம். 30 நாளில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. "இந்த மனைப்பிரிவு எப்படி அனுமதிக்கப்பட்டது, யார் பொறுப்பு" என்று கேட்காதீர்கள். விளக்கம் தர வேண்டியதில்லை என்று திருப்பிவிடுவார்கள். ஆவணத்தின் பெயரைச் சொல்லிக் கேளுங்கள்.

ஓ.எஸ்.ஆர். விஷயத்தில் நிறையவே கோட்டை விடுகிறோம். 2019-ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு, அதாவது ஏறக்குறைய இரண்டரை ஏக்கருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் அந்த 10 சதவீதத்தை நிலமாகவே தர வேண்டும். 3,000 முதல் 10,000 சதுர மீட்டர் வரை பணமாகக் கட்டலாம். அதனால்தான் எட்டு ஏக்கரை நான்கு பெயரில் இரண்டிரண்டு ஏக்கராக விண்ணப்பிக்கிறார்கள். அடுத்தடுத்த சர்வே எண், ஒரே தெரு நீட்சி, ஒரே விளம்பரப் பலகை என்று காட்டி ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கச் சொல்லலாம். விண்ணப்ப நிலையில் சொன்னால்தான் பலிக்கும். தானப் பத்திரம் பதிவானதும் வேலை முடிந்ததாக நினைப்பது அடுத்த தவறு. உட்பிரிவு செய்து, பட்டா உள்ளாட்சி பெயருக்கு மாறாவிட்டால், பத்து ஆண்டு கழித்து அந்தப் பூங்கா இடம் பழைய உரிமையாளரின் வாரிசு பெயரில் விற்பனைக்கு வரும். ஆண்டுக்கு ஒருமுறை அந்த சர்வே எண்ணுக்கு வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். நான்கு மூலைக்கும் கல் நட்டு, பலகை வைத்து, இருபது மரம் வைத்துவிட்டால் பாதிப் பாதுகாப்பு வந்துவிடும்.

அனுமதியே இல்லாத மனைகளுக்கு வருவோம். பதிவுச் சட்டத்தின் 22-அ பிரிவு 20.10.2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. அந்தத் தேதிக்குப் பிறகு பிரித்த அங்கீகாரமில்லாத மனையைப் பதிவு செய்யக் கூடாது. 2017-ல் வந்த வரன்முறைத் திட்டம் அந்தத் தேதிக்கு முந்தைய மனைகளுக்கு மட்டும். இதைத் தாண்ட இன்று இரண்டு வழி பார்க்கிறார்கள். ஒன்று, "பண்ணை நிலம்" என்று பத்து சென்ட், இருபது சென்ட்டாக விவசாய நிலத்தின் பெயரிலேயே கிரயம் செய்வது. இன்னொன்று, மொத்த நிலத்தில் பிரிபடாத பாகம் என்று எழுதுவது. ஒரே சர்வே எண்ணிலிருந்து சில மாதத்துக்குள் ஏழெட்டுக் கிரயம் போயிருக்கிறது என்றால் வில்லங்கச் சான்றே காட்டிக்கொடுத்துவிடும். அதை இணைத்து சார்பதிவாளருக்கும் மாவட்டப் பதிவாளருக்கும் மனு கொடுங்கள். நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56, 57 பிரிவுகளில் பணியை நிறுத்தவும் அகற்றவும் அறிவிப்புத் தரச் சொல்லி இன்னொரு மனு. 500 சதுர மீட்டருக்கு மேல் அல்லது எட்டு மனைக்கு மேல் என்றால் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைக் குழுமத்தில் பதியாமல் விளம்பரமே செய்யக் கூடாது. அபராதம் திட்ட மதிப்பில் 10 சதவீதம் வரை போகலாம். பலகையில் பதிவு எண் இல்லை என்றால் பலகையின் படம் ஒன்றே போதுமான சான்று. ஊராட்சிப் பணத்தில் அந்த மனைகளுக்குள் சாலையும் விளக்கும் போடாமல் இருப்பது எல்லாவற்றையும் விட வலுவான கருவி. தானம் செய்யப்படாத தெரு தனியார் தெரு. அதில் பொதுப்பணம் செலவிட்டால் தணிக்கையில் கேள்வி வரும். உறுப்பினர்களிடம் இதை எடுத்துச் சொல்லுங்கள்.

நீண்டகாலப் பாதுகாப்பு முழுமைத் திட்டத்தில் (மாஸ்டர் பிளான்), அதாவது எந்த நிலம் எந்த உபயோகத்துக்கு என்று வகுக்கும் திட்டத்தில்தான். உங்கள் கிராமம் திட்டப் பகுதிக்குள் வருகிறதா என்று பாருங்கள். சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 ஆக 2022-ல் விரிந்தது. நேற்றுவரை கணக்கில் இல்லாத கிராமங்கள் இன்று உள்ளே. வரைவுத் திட்டத்தை வெளியிட்டால் ஆட்சேபம் சொல்ல இரண்டு மாதமாவது தர வேண்டும். வரைவில் ஒவ்வொரு உபயோக மண்டலத்துக்கும் சர்வே எண் பட்டியல் இருக்கும். உங்கள் ஆயக்கட்டு "குடியிருப்பு" என்று வந்திருக்கிறதா என்று வரிவரியாக ஒப்பிட்டு, தவறான எண்களுக்கு மட்டும் மனுப் போடுங்கள். கோவையின் 1994-ஆம் ஆண்டுத் திட்டம் முப்பது ஆண்டு ஓடியது. அப்படிப் பழசான திட்டத்தில் 32-ஆம் பிரிவின்படி ஒவ்வொரு சர்வே எண்ணாக உபயோக மாற்றம் நடந்து, விவசாய மண்டலம் சல்லடையாகிவிடும். அந்த மாற்ற அறிவிப்புகள் நாளிதழில் சின்ன எழுத்தில் வரும், கெடு சில வாரம்தான். ஊரில் ஒருவர் அதைத் தினமும் பார்ப்பது என்று பொறுப்பு பிரித்துக்கொள்ளுங்கள்.

"டெல்டாவில் சட்டம் இருக்கிறதே" என்று பலர் நம்புகிறார்கள். 2020-ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் எண்ணெய், எரிவாயு எடுப்பது, உருக்காலை போன்ற பட்டியலிட்ட தொழில்களைத் தடுக்கிறது. வீட்டுமனை அந்தப் பட்டியலில் இல்லை. தஞ்சாவூர் வயலில் லேஅவுட் போடுவதை அது நிறுத்தாது.

நெல்வயலை நேரடியாகக் காக்கும் சட்டம் பக்கத்து மாநிலத்தில் இருக்கிறது: கேரளத்தின் 2008-ஆம் ஆண்டு நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம். ஊராட்சித் தலைவர், வேளாண் அலுவலர், கிராம அலுவலர், மூன்று விவசாயிகள் கொண்ட உள்ளூர்க் குழு சர்வே எண் வாரியாகத் தரவுப் பட்டியல் தயாரிக்கும். பட்டியலில் ஏறிய வயலை நிரப்பக் கூடாது. சொந்த வீடு இல்லாத உரிமையாளர் ஊராட்சியில் பத்து சென்ட், நகராட்சியில் ஐந்து சென்ட் வரை கேட்கலாம். 2020-ல் வயலை வயலாகவே வைத்திருப்பவருக்கு ஹெக்டேருக்கு 2,000 ரூபாய் ஊக்கத்தொகையும் தொடங்கினார்கள். எனக்கு மிகவும் பிடித்த ஏற்பாடு இது, ஓட்டைகள் இருந்தாலும். பட்டியலில் விடுபட்ட வயல்களுக்கு 2018 திருத்தம் கட்டணம் கட்டி மாற்ற வழி திறந்துவிட்டது. பட்டியலைச் சோம்பலாகத் தயாரித்த ஊர்கள் அதில் இழந்தன. நீங்கள் இன்று போடும் ஏடு, நாளை இங்கே அப்படி ஒரு சட்டம் வந்தால், அந்தப் பட்டியலாகவே பயன்படும்.

வீடு தேவைப்படுகிறவர்களுக்கும் இடம் சொல்லாமல் இந்த வேலை நிலைக்காது. பழைய மனைப்பிரிவுகளில் எத்தனை மனை, எத்தனை வீடு என்று எண்ணிவிடுங்கள்; இரண்டு ஞாயிற்றுக்கிழமை போதும். நத்தத்தில் பூட்டிக் கிடக்கும் வீடுகளையும் சேருங்கள். பெரும்பாலும் அடுத்த தலைமுறைக்கு வேண்டிய இடம் அங்கேயே இருக்கும். இன்றைய விதியில் சாதாரணக் கட்டடத்துக்கு தளப்பரப்புக் குறியீடு 2; 1,200 சதுர அடி மனையில் 2,400 சதுர அடி கட்டலாம், கீழொன்று மேலொன்றாக இரண்டு குடும்பம். அந்த 228 குடும்பமும் 114 மனையில், ஐந்து ஏக்கரில் அடங்கிவிடும். ஊராட்சி குடிநீர்க் குழாய், கழிவுநீர், பேருந்து நிறுத்தம் மூன்றையும் முதலில் பழைய பகுதிக்கே கொடுத்தால் மக்கள் அங்கே கட்டுவார்கள். குழாய் வராத பழைய மனைக்காரர், குழாய் வந்த புது மனையைத்தான் பார்ப்பார்.

ஓர் ஊராட்சி மட்டும் கெடுபிடியாக இருந்தால் பிளாட் அடுத்த ஊருக்குத் தாவும். அமெரிக்காவின் போர்ட்லாந்தில் 1979-ல் வகுத்த நகர வளர்ச்சி எல்லை, இன்று 24 நகராட்சிகளையும் மூன்று மாவட்டங்களையும் சேர்த்து ஒரே கோடாகப் போகிறது. அதற்குள் இருபது ஆண்டுக்கு வேண்டிய நிலம் இருக்கிறதா என்று குறித்த காலத்தில் கணக்கெடுத்துத்தான் நகர்த்துகிறார்கள். ஆனால் ஆற்றுக்கு அக்கரையில் வேறு மாநிலம் என்பதால் கோடு அங்கே செல்லாது, கட்டடம் அங்கும் பெருகியது. நமக்கு அதற்கு ஈடான அலகு ஏரி ஆயக்கட்டு. 2000-ஆம் ஆண்டின் பாசன அமைப்புகளை விவசாயிகள் மேலாண்மை செய்யும் சட்டத்தின்படி நீரைப் பயன்படுத்துவோர் சங்கம் இருந்தால் அது பல ஊராட்சிகளைத் தாண்டி நிற்கும். ஒரே ஏட்டை எல்லா ஊரின் கிராம சபையிலும் வைக்க அதுவே வசதியான இடம்.

உங்கள் ஊராட்சியை மாநகராட்சியோடு இணைக்கும் பேச்சு இருந்தால் ஒன்றை உடனே செய்யுங்கள். இணைந்தபின் கிராம சபை இருக்காது; வார்டு அளவில் பகுதி சபை மட்டுமே. பழைய தீர்மானப் பதிவேடுகள் எந்த அறையில் போய் அடையும் என்று யாராலும் சொல்ல முடியாது. இணைப்புக்கு முன்பே தீர்மானங்கள், தானப் பத்திரங்கள், மனைப்பிரிவு வரைபடங்கள் எல்லாவற்றுக்கும் சான்றிட்ட நகல் வாங்கி, சங்கத்திடம் ஒன்று, ஊர்ப் பள்ளியிலோ நூலகத்திலோ ஒன்று என்று இரண்டு இடத்தில் வைத்துவிடுங்கள்.